அடுத்தவர் வீட்டுச் சோறு

(இளந்தொண்டர் பயிற்சித் தொடக்கக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, நாளை மறுநாள் புறப்பட இருக்கும் பிள்ளைகளே!

இந்தக் கோடை விடுமுறையில் நம் மஹல்லாப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வெளியூர்களில் பத்து நாள் தங்கி, மாலை நேர வகுப்பு நடத்தப் பழகப் போகிறார்கள். தங்குவது அந்த ஊர்க்காரர்களின் வீடுகளில். இதைச் சொன்னதிலிருந்து இரண்டு பக்கமும் தயக்கம். "தெரியாதவர் வீட்டில் என் பிள்ளை எப்படி இருப்பான்?" என்கிறார்கள் பெற்றோர். "எங்களிடம் ஒரே கழிப்பறைதான், உங்கள் பிள்ளைக்குச் சரிப்படுமா?" என்கிறார்கள் இடம் தர முன்வந்தவர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். பதிலுக்கு முன், மொராக்கோ நாட்டில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்க அதிபர் கென்னடி 1961-இல் 'பீஸ் கோர்' என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். நம் நாட்டுக்கும் அவர்கள் வந்திருக்கிறார்கள். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68 வயதில் பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் செவிலியராகத் தொண்டு செய்தார். அந்த அரசின் நோக்கம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது தனிப் பேச்சு. அவர்கள் பயிற்சி தரும் முறையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

தொண்டுக் காலம் 27 மாதம். முதல் மூன்று மாதம் பயிற்சி. மதரஸாவில் 'மக்ரிப்' என்று நாங்கள் படித்த அந்த நாட்டில், பயிற்சிக்கு வருபவர்களை ஓட்டலில் வைப்பதில்லை. ஆளுக்கொரு குடும்பத்தில் சேர்த்து விடுகிறார்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் ரொட்டி, ஒலிவ எண்ணெய், புதினா போட்ட இனிப்பான தேநீர். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து, உள்ளூர் ஆசிரியரிடம் 'தாரிஜா' என்ற பேச்சு அரபி படிக்க வேண்டும். மதியம் வீட்டுக்கு வந்தால், வட்ட மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே தட்டில் சாப்பாடு. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், அவரவர் முன்னால் இருப்பதிலிருந்து ரொட்டித் துண்டால் எடுத்துச் சாப்பிடுவார்கள். நம் சஹன் சாப்பாடு மாதிரியேதான்! நடுவில் இருக்கும் இறைச்சியை வீட்டுத் தாய் விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். போதும் என்றால் விடமாட்டார். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லப் பழகிய பிறகுதான் கொஞ்சமாவது விடுவார். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் கூஸ்கூஸ்.

குந்தி உட்காரும் கழிப்பறை, கையால் துணி துவைப்பது, வாரம் ஒருமுறை ஊர்ப் பொதுக் குளியலறையான ஹம்மாமுக்குப் போவது எல்லாம் புதிது. தனியாக அறையில் உட்கார்ந்திருந்தால், உடம்பு சரியில்லையா, யாரோடும் கோபமா என்று வீடே கேட்கும். வயிறு கெடும், ஊர் நினைப்பில் அழுகை வரும். பாதியில் திரும்பிப் போனவர்களும் உண்டு.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவருக்கு அந்த வீட்டில் உப்புக் கேட்கத் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தை அவர் சொல்லைத் திருத்துகிறது. கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் அந்தக் குழந்தைக்கு மாணவராகிறார். அந்தப் பணிவு வந்த பிறகுதான் அவரை வேலைக்கு அனுப்புகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் வடிந்த நேரத்தில், ஒரு குப்பத்துக்கு வேனில் அரிசியும் போர்வையும் கொண்டு போனோம். பெயர் கூப்பிட்டோம், கொடுத்தோம், படம் எடுத்தோம், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். வேனில் ஏறும்போது ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "ஒரு வாய் தண்ணிகூட எங்க வீட்டுல குடிக்கலியே வாப்பா" என்றார். அவர் கொடுக்க நினைத்ததை வாங்க எனக்கு நேரமில்லை. அந்தப் பேச்சு இன்றும் என்னைக் குத்துகிறது. இந்த ஏற்பாடு பிறந்ததே அதனால்தான்.

மதீனாவில் அன்சாரிகள் வீட்டில் இடம் கொடுத்தார்கள்; முஹாஜிர்கள் கூச்சமில்லாமல் வாங்கி, பாரமாக இருக்காமல் உழைத்தார்கள். அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில்தான் நம் பெருமானார் (ஸல்) தங்கினார்கள். இடம் கொடுப்பதும், கொடுத்ததைக் கண்ணியமாக ஏற்பதும் நம் மார்க்கத்தில் பழைய பாடம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மொராக்கோவில் வீட்டை முன்கூட்டியே பார்த்து, பூட்டு உள்ள தனி அறை இருக்கிறதா என்று உறுதி செய்கிறார்கள். நாமும் ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்துவிட்டோம். பெண் பிள்ளைகள் இருவர் இருவராக, தாய்மார்கள் இருக்கும் வீட்டில் மட்டுமே தங்குவார்கள். இரவு இஷாவுக்குப் பின் பெற்றோரிடம் பேசுவார்கள். சாப்பாட்டுச் செலவை அறக்கட்டளை தரும். அங்கேயும் குடும்பங்களுக்குப் பணம் தருகிறார்கள். அதனால் விருந்தோம்பலின் பரக்கத் குறைவதில்லை. மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே! வைத்ததைச் சாப்பிடுங்கள். குறை சொல்லாதீர்கள். போன் பையில் இருக்கட்டும். தண்ணீர் தூக்குங்கள், தட்டைக் கழுவுங்கள். எங்கே போனாலும் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வீட்டில் கண்டதும் கேட்டதும் அமானிதம், வெளியில் பேசாதீர்கள். முதல் மூன்று நாள் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் வாப்பா என்ன வேலைக்குப் போகிறார் என்பதையும், உம்மா எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து இதே இடத்தில் கூடுவோம், இன்ஷா அல்லாஹ். எத்தனை வகுப்பு எடுத்தீர்கள் என்று அன்று நான் கேட்கமாட்டேன். "மறுபடியும் எப்ப வருவே?" என்று அந்த வீட்டில் கேட்டார்களா என்று மட்டும் கேட்பேன்.

அல்லாஹ் உங்கள் பயணத்தையும், உங்களுக்குக் கதவு திறந்த வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.