பொறியியற் கல்வியிற் பாடத்தொடர்பு
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொறியியல் பயிலும் நாம் சிலர் எமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தைச் சொல்லவே மேடையேறினோம்.

இரண்டாமாண்டிலே கணித வகுப்பில் வெப்பம் பரவுதலைக் கூறும் வகையீட்டுச் சமன்பாட்டைப் படித்தோம். பரீட்சை முடிந்தது; குறிப்பேட்டைக் கட்டிப் பரணில் வைத்தோம். மூன்றாமாண்டில் மண் பொறிமுறை வந்தது. ஈரக்களியின்மேற் பாரம் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் மெல்லக் கசிய, நிலம் அமிழும். அதற்கெனத் தெர்சாகி என்னும் அறிஞர் 1920களில் வகுத்த சமன்பாட்டைப் புதிதென எண்ணி இரவிரவாக நெட்டுருப் பண்ணினோம். அது பரணிற் கிடந்த அதே சமன்பாடு! வெப்பநிலை நின்ற இடத்தில் மிகை நீரமுக்கம் நின்றது, அவ்வளவே. எம்மில் ஒருவரேனும் அடையாளங் காணவில்லை. மிஷன் பாடசாலையிலே கணிதம் படிப்பித்த ஆசிரியரே பௌதிகமும் படிப்பித்தார். ஒன்றைச் சொல்லும்போது மற்றதைத் தொட்டுக் காட்டுவார். அந்தப் பழக்கத்தைப் பல்கலைக்கழக வாசலிலே கழற்றி வைத்துவிட்டோம் போலும்.

அடையாளங் கண்டிருந்தால் என்ன பயன் என்று பெரியோர் கேட்கலாம். தடிப்பு இருமடங்கான பொருளின் உள்ளே சூடு சென்றடைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். களிப்படைக்கும் அதே கணக்குத்தான். ஒரு காணி ஒரு வருடத்தில் அமிழ்ந்து முடிந்ததென்று, இருமடங்கு தடித்த அதே களியுள்ள பக்கத்துக் காணியிலும் மறு வருடமே வீடு கட்டலாகாது. அங்கே நான்கு வருடம் செல்லும். சதுப்பு நிலங்களை நிரப்பி வீடு கட்டும் கொழும்பிலே இது வெறும் பரீட்சைக் கணக்கன்று.

2017 மே 18 அன்று வெள்ளவத்தையிலே, சவோய் திரையரங்கின் அருகே, கட்டடமொன்று இடிந்து விழுந்தது. அதன் காரணத்தை ஆராய்வது எமது வேலையன்று. ஆயினும் அவ்வழியே போகும்போதெல்லாம் எமக்கு ஓர் அச்சம்: மேலே ஒரு மாடி கூட்டுவதைக் கட்டமைப்புப் பாடமாகவும், கீழேயுள்ள அத்திவாரத்தை வேறொரு பாடமாகவும் படித்துவிட்டு நாளை நாமே கையொப்பம் இடப்போகிறோமே!

எம்மவரிலேயே வழிகாட்டி உண்டு. பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜிலே ஆராய்ந்தபோது, மண் உருமாறுகையில் வேலை எவ்வளவு உராய்வாய்ச் செலவாகிறதென்று சக்திக் கணக்குப் பார்த்தார். பொறிமுறை வகுப்பிற் படிக்கும் சக்திக் கணக்கே களியின் இயல்பைத் திறக்கும் சாவியாயிற்று. ரோஸ்கோ, ஷோஃபீல்ட் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரையை உலகம் இன்றும் படிக்கிறது.

ஆகவே ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலைகளில் இரண்டு மணிநேரம் சங்க மண்டபத்தைத் தாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள நாலாண்டு மாணவரும் பழைய குறிப்பேடுகளுடன் கூடுவோம். ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் தாம் கட்டிய பாலமோ வாய்க்காலோ ஒன்றின் வரைபடத்தைக் கொண்டுவந்தாற் போதும். எந்தப் பாடம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று நாமே தேடுகிறோம். கரும்பலகை இங்கே இருக்கிறது. வெண்கட்டி நாம் வாங்கி வருவோம்.