முன்தோல் காயம்: எது தானே ஆறும், எதற்கு மருத்துவர் வேண்டும்?

கால் விரல் நசுங்கினால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆண்குறியின் முன்தோலில் ஒரு கீறல் விழுந்தால் மட்டும் ஆண்கள் வாய் திறப்பதில்லை. இந்த மறைப்பினால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. தானாக ஆறிவிடக்கூடிய சிறு காயத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பூசிப் பெரிய புண்ணாக்கிக்கொள்கிறார்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையிலோ, நாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறார்கள். முன்தோல் காயத்துக்கு வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம் மிகக் கொஞ்சம். எந்தக் காயம் வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது என்ற தெளிவுதான் நிறைய வேண்டும்.

முன்தோல் மெல்லியது, ரத்த ஓட்டம் மிகுந்தது. மெல்லியதாக இருப்பதால் ஜிப்பில் சிக்கினாலும், உடலுறவின்போது ஈரப்பசை போதாமல் உராய்ந்தாலும் எளிதில் கிழிகிறது. ரத்த ஓட்டம் மிகுந்திருப்பதால் சிறு கிழிசலே பயமுறுத்தும் அளவுக்கு ரத்தம் காட்டும். ஆண்குறி மொட்டின் அடியில் முன்தோலை இணைக்கும் சிறு மடிப்பு கிழிந்தால் இன்னும் அதிகம். அதே ரத்த ஓட்டம்தான் காயத்தை விரைவில் ஆற்றவும் செய்கிறது. ஆகவே பதற வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான துணியை வைத்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி கசியும். நின்றபின் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மணமில்லாத வாசலினை மெல்லியதாகப் பூசினால் போதும். தளர்ந்த பருத்தி உள்ளாடை அணியுங்கள். முழுமையாக ஆறும்வரை உடலுறவும் சுயஇன்பமும் வேண்டாம். வாசலின் ஆணுறையின் ரப்பரை வலுவிழக்கச் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மஞ்சள் கிருமிநாசினி ஆயிற்றே, அதைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. அதன் துகள்கள் முன்தோலின் உள்மடிப்பில் தங்கி உறுத்தும். காபித்தூளுக்கும் சுண்ணாம்புக்கும் இதே பதில்தான். டெட்டாலும் ஸ்பிரிட்டும் இந்த மென்தோலை எரித்துவிடும். இவற்றைவிட ஆபத்து, மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் கலவைக் களிம்பு. அதிலுள்ள ஸ்டீராய்டு இரண்டு நாள் அரிப்பை அடக்கிச் சுகம் தரும்; பிறகு தோலை மெலியவைத்து, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். இறுகிய முன்தோலுக்கு மருத்துவர்களே ஸ்டீராய்டு களிம்பு எழுதுவதுண்டு. அது நோயறிந்து, அளவும் நாளும் குறித்துத் தரப்படுவது. ஜிப்பில் தோல் சிக்கினால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. தேங்காய் எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். நகராவிட்டால் அப்படியே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஜிப்பின் இழுவைப் பகுதியிலுள்ள குறுக்குப் பாலத்தைக் கருவியால் வெட்டினால் பற்கள் தானே பிரிந்துவிடும். தோலை வெட்ட வேண்டியிருக்காது.

சிறுவர்களின் காயங்களில் சில, பெரியவர்களின் அக்கறையால் வருபவை. அழுக்குச் சேரும் என்று குழந்தையின் முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளிக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் முன்தோல் முழுதும் பின்னே போகும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-இல் எழுதினார். டென்மார்க்கின் யாக்கோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1968-இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருந்த முன்தோல் இறுக்கம் 16, 17 வயதில் ஒருவராகக் குறைந்திருந்தது. வளர வளரத் தானே விலகும் தோலை வலிந்து பிரித்தால் கிழிந்து, தழும்பேறி, இல்லாத இறுக்கம் புதிதாக வந்துவிடும். அப்படியானால் அழுக்கு என்னாவது? உள்ளே தெரியும் வெண்பொருள் பெரும்பாலும் உதிர்ந்த தோல் செல்கள்தான். அது நாளாவட்டத்தில் தானே வெளியேறும். வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவினால் போதும். சிவந்து வீங்கினாலோ, சிறுநீர் கழிக்கும்போது குழந்தை அழுதாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாத நிலைகள். பின்னுக்குப் போன முன்தோல் முன்னே வராமல் மொட்டுக்குப் பின்னால் வளையமாக இறுகி வீங்கினால் அது அவசர நிலை; ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசுவே அழுகக்கூடும். சீக்கிரம் போனால் வீக்கத்தை அழுத்திக் குறைத்துக் கையாலேயே சரிசெய்துவிட முடிகிறது. சிறுநீர்க் குழாய் வைத்த முதியவரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள், சுத்தம் செய்தபின் முன்தோலை மறக்காமல் முன்னே இழுத்துவிட வேண்டும். 15 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், சிறுநீர் வராவிட்டாலும், சிறுநீரில் ரத்தம் வந்தாலும், காயம் ஆழமாக இருந்தாலும் உடனே போக வேண்டும். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் அன்றே காட்டுங்கள். துருப்பிடித்த உலோகம் பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

வலியில்லாததால் அலட்சியப்படுத்தும் புண்கள் வேறு வகை. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் பெரும்பாலும் வலியில்லாத ஒற்றைப் புண்ணாக வந்து தானே மறையும்; நோய் உடம்பில் தங்கிவிடும். வாரக்கணக்கில் ஆறாத புண் புற்றுநோயாகவும் இருக்கலாம். வெளுத்துத் தடிக்கும் தோலும் பரிசோதனைக்குரியது. முன்தோலில் அடிக்கடி வெடிப்பு வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இந்த வெடிப்பே நோயின் முதல் அறிகுறியாகச் சிலருக்கு வருகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் அங்கே பூஞ்சை வரக் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போனால் முன்தோலையே வெட்டச் சொல்வார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலான காயங்களுக்கு அது தேவையே இல்லை. தழும்பேறி இறுகிய தோலுக்கும், திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கும்தான் அந்தப் பேச்சு எழும். தாமதித்துத் தாமதித்து அந்த நிலைக்கு வந்தவர்களும் உண்டு. கூச்சத்துக்கும் ஒரு பதில்: தோல் மருத்துவரும் சிறுநீரக அறுவை மருத்துவரும் அன்றாடம் பார்க்கும் நோய்கள் இவை. பால்வினை நோய்ச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். அந்த இடத்தில் அடிபட்டால் தயங்காமல் சொல்லலாம் என்று உங்கள் மகனிடம் இன்றே சொல்லிவையுங்கள்.