புதிய சிறுநீரகமும் உடல் வலிமையும்

(பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு மாற்று அறுவை சிகிச்சை என்றால் நமது ஜமாஅத்துகள் தயங்குவதில்லை. ஜும்ஆவில் அறிவிப்புச் செய்கிறோம், துண்டு விரிக்கிறோம், துஆச் செய்கிறோம். அவர் வீடு திரும்பியதும் நமது கடமை நிறைவேறியதாக எண்ணிக் கலைந்து விடுகிறோம். அதற்குப் பின் அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே, இரட்டைச் சகோதரர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். பெற்றவர் எட்டாண்டுகள் உயிர் வாழ்ந்தார். நமது நாட்டில் 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றி கண்டது. அன்றைய கவலை, உடல் அந்நியச் சிறுநீரகத்தை ஏற்குமா என்பதே. இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ஆயினும் அந்தச் சிறுநீரகத்தைச் சுமக்கும் உடலுக்கு வலிமை இருக்கிறதா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

வலிமையற்ற இந்நிலையை மருத்துவர்கள் உடல் நலிவு என்கின்றனர். 2001இல் டாக்டர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: காரணமின்றி எடை குறைதல், கைப்பிடி தளர்தல், ஓயாத களைப்பு, நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல். இவற்றுள் மூன்று இருந்தால் அது நலிவு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 537 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். அறுவையின்போது நலிவு இல்லாதவர்களில் நூற்றுக்கு 91 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். நலிவுற்றவர்களில் 77 பேரே கடந்தனர். வயது எதுவாயினும் நலிவு மரண அபாயத்தை ஏறக்குறைய இருமடங்காக்கியது. ஆகவே இது முதியோருக்கு மட்டும் உரிய கவலை அன்று. நலிவுற்றவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்பதும் இதன் பொருள் அன்று. அவரைத் தேற்றித் தயார் செய்ய வேண்டும் என்பதே பொருள்.

நலிவு எங்கிருந்து வருகிறது? வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்பவருக்குப் பசி மங்குகிறது, தசை கரைகிறது. அறுவைக்குப் பின் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் தசையையும் எலும்பையும் தளர்த்துகிறது. முதல் மாதத்தில் நலிவு கூடுவதும், மூன்றாம் மாதத்திற்குள் முன்பைவிட உடல் தேறுவதும் ஆய்வில் தெரிய வந்துள்ளது. எனவே முதல் மாதத் தளர்ச்சியைக் கண்டு எவரும் மனம் உடைந்துவிட வேண்டாம்.

ஆனால் நம் வீடுகளில் அன்பு என்றால் படுக்க வைப்பதே என்றாகிவிட்டது. "நீங்க எழுந்திரிக்காதீங்க அத்தா" என்று பிள்ளைகள் தடுக்கின்றனர். பாரம் தூக்குவதைத்தான் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். நடையைத் தவிர்க்கக் கூடாது. சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்திலேயே மருத்துவரைக் கேட்டு நடையையும் உணவையும் ஒழுங்குபடுத்துவது இன்னும் சிறந்தது.

நம்மால் இயன்றவை சில உண்டு. அஸருக்குப் பின் ஒருவர் அவருடன் கால்மணி நேரம் நடந்து வரலாம். நோயாளியை நலம் விசாரிப்பது நமது சுன்னத். எனினும் கிருமி எளிதில் தொற்றும் முதல் மாதங்களில் கூட்டமாகச் சென்று முஸாஃபஹா செய்வதை விட்டுத் தொலைபேசியில் பேசுங்கள். மருந்து ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது; பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் உதவ நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும்.

நோயாளிச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். மாத்திரைகளை நேரம் தவறாமல் உட்கொள்ள வேண்டியிருப்பதால், மருத்துவரைக் கேளாமல் நோன்பு வைக்காதீர்கள். நோன்பு தீங்கு தரும் என்று அவர் சொன்னால், ஃபித்யா கொடுக்கும் வழியை மார்க்கம் திறந்தே வைத்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே.

தாயோ மனைவியோ தம் உடலிலிருந்து எடுத்துத் தந்த சிறுநீரகம் ஓர் அமானிதம். அதைப் பெற்றவரின் கைகால்களில் வலிமை இருக்கச் செய்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே ஆகும். இதில் குடும்பத்தாருக்கும் ஜமாஅத்தாருக்கும் பங்குண்டு.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்குத் துணைநிற்கும் நல்ல மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.