வீட்டை விற்கும் முன் விசா

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அங் மோ கியோவில் நாலறை வீடு. பிள்ளைகள் இருவரும் திருமணமாகித் தனித்தனியே இருக்கிறார்கள். அவருக்கு 67 வயது, மனைவிக்கு 63. அவர் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். "உழைத்தது போதும், இனிக் காவிரிக் கரையில் நிம்மதியாக இருப்போம்" என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். வீட்டை விற்றாயிற்று. கட்டிலையும் பீரோவையும் உறவினருக்குக் கொடுத்தாயிற்று. கடைசியில்தான் விசா நினைவுக்கு வருகிறது. "அது என்ன பெரிய விஷயம்? போன வருஷம் கல்யாணத்துக்குப் போனபோது மகன் கம்ப்யூட்டரிலேயே எடுத்துக் கொடுத்தானே, அதையே எடுத்தால் போகிறது" என்கிறார் அவர்.

இப்படி ஒரு தம்பதியை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டு விலையையும் மத்திய சேம நிதிக் கணக்கையும் காசு விடாமல் கூட்டிப் பார்க்கிறவர்கள், எந்த அனுமதியில் அங்கே தங்கப்போகிறோம் என்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. சொந்த ஊருக்குப் போக யாரிடம் அனுமதி கேட்பது என்ற நினைப்புத்தான் காரணம். அவர் 1990ல் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஆகவே அன்றைக்கே அவருடைய இந்தியக் குடியுரிமை போய்விட்டது. அவர் ஊர்க்காரர் என்பது ஊருக்குத் தெரியும். திருச்சி விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவருக்கு அவர் ஒரு வெளிநாட்டவர்.

கல்யாணத்துக்குப் போக எடுத்த இணையச் சுற்றுலா விசா, குடியிருக்கப் போகிறவருக்கு உதவாது. அதை இந்தியாவில் இருந்துகொண்டே நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. ஐந்தாண்டு விசாவே கிடைத்தாலும் ஓர் ஆண்டில் மொத்தம் 180 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. தவணை முடிந்ததும் அந்தத் தம்பதி திரும்பி வரவேண்டியிருக்கும். எங்கே வருவது? வீடுதான் விற்றுப்போயிற்றே. மகன் வீட்டு வரவேற்பறையில் மெத்தை போட்டுப் படுக்கும் நிலைமை, பணம் இல்லாததால் வந்தது அல்ல. முதலில் செய்யவேண்டியதைக் கடைசியில் செய்யப்போனதால் வந்தது.

இந்திய வம்சாவளியினருக்கு நல்ல வழி ஒன்று 2005ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதுதான் ஓசிஐ அட்டை. அதற்கு முன்பிருந்த பிஐஓ அட்டையும் 2015ல் இதோடு இணைக்கப்பட்டது. அட்டை உள்ளவர் ஆயுள் முழுவதும் வந்து போகலாம், எத்தனை காலமும் தங்கலாம், காவல்துறையில் போய்ப் பதியவேண்டியதில்லை. ஆனால் கேட்டவுடன் கையில் கிடைக்கும் அட்டை அல்ல இது. இந்தியக் குடிமகனாக இருந்தவர் தம்முடைய பழைய இந்தியக் கடப்பிதழைத் தூதரகத்தில் ஒப்படைத்து, அதற்கான சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முந்திய கடப்பிதழ் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ! வீடு காலி செய்யும் அவசரத்தில் பழைய காகிதங்களோடு சேர்ந்து அது குப்பைக்குப் போய்விடுவதும் உண்டு.

மனைவியின் நிலைமை இன்னும் சிக்கலானது. அவர் இங்கேயே பிறந்தவர். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் கணவரின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதோடு, மனைவியைப் பற்றிப் பாதுகாப்பு விசாரணை முடிந்த பிறகே அட்டை தருவார்கள். கணவருக்கு வந்துவிட்டது, மனைவிக்கு வரவில்லை என்றால் யார் முதலில் விமானம் ஏறுவது?

அட்டை வந்த பிறகும் நிலம் வாங்கும் விஷயத்தில் கவனம் வேண்டும். கிராமத்துக்குப் போகிறவர்களின் கனவில் வீட்டுக்குப் பின்னால் தென்னையும் வாழையும் நிற்கும். சித்தப்பா மகன் இரண்டு மா நிலம் விலைக்கு வருகிறது என்று தொலைபேசியில் கூப்பிடுவார். ஓசிஐ அட்டை உள்ளவர் குடியிருக்க வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக்கூடாது. தகப்பனார் வழியில் பங்காக வருவதைப் பெற்றுக்கொள்ளத் தடையில்லை. தம்பி பெயரில் வாங்கிப் போடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிலமும் போய்த் தம்பியும் இல்லாமல் போன குடும்பங்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

இந்தியா வேண்டாம், ஜோகூர் பக்கம் போகலாம் என்பவர்களும் உண்டு. வார இறுதியில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாமே. ஆனால் 2002ல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். முன்பு ஐம்பது வயதைக் கடந்தவர் மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் காட்டவேண்டியிருந்தது. 2021ல் அது 40,000 ரிங்கிட் ஆயிற்று. அதற்கு மேல் பத்து லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் கேட்டார்கள். 2024ல் மறுபடியும் மாற்றி, வெள்ளிப் பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, குறைந்தது 600,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு என்று வைத்தார்கள். நண்பர் ஐந்து வருஷத்துக்கு முன் சொன்ன கணக்கை நம்பி இங்கே வீட்டுக்கு விலை பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இங்கே இருப்பதைக் கைவிடுவதிலும் அவசரம் கூடாது. குடியுரிமையைத் துறந்து நிரந்தரமாக வெளியேறினால் மத்திய சேம நிதிப் பணத்தை மொத்தமாக எடுக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல. ஒரு நாட்டுக் கடப்பிதழ் கையில் இல்லாதவருக்கு அந்த அட்டை பயன்படாது. குடியுரிமையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருந்தாலும் மாதாந்தரத் தொகை வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் மெடிசேவ் கணக்கில் எத்தனை ஆயிரம் வெள்ளி இருந்தாலும் கும்பகோணத்து மருத்துவமனைக் கட்டணத்தை அதிலிருந்து கட்ட முடியாது. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு ஊர் போக விசா வேண்டாம். அவர்கள் பார்க்கவேண்டியது மறுநுழைவு அனுமதியின் தேதியை. அது காலாவதியானால் இங்குள்ள தகுதியே போய்விடக்கூடும்.

அந்த அங் மோ கியோ தம்பதி வேறு மாதிரியும் செய்திருக்கலாம். அட்டைகள் இரண்டும் கைக்கு வரும்வரை வீட்டில் கை வைக்காமல் இருந்திருக்கலாம். வந்த பிறகும் விற்காமல், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்த வீடு என்றால் கழகத்தின் அனுமதியோடு வாடகைக்கு விட்டு, ஒரு வருஷம் ஊரில் இருந்து பார்த்திருக்கலாம். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் நள்ளிரவில் மின்சாரம் போவதும் எப்படி இருக்கும் என்று, நாற்பது வருஷமாக விடுமுறைக்கு மட்டும் போய்வந்தவருக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கோ அது புகுந்த ஊர்கூட இல்லை, போட்டோவில் பார்த்த ஊர்.

இன்னொரு சிறு விஷயம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு புதுக் கடப்பிதழ் எடுத்தால், ஒருமுறை அதன் நகலையும் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்து முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுவது நல்லது.