தாய்மார்களும் வாசிப்பு நேரமும்

இல்லப் பணி, அலுவலகப் பணி, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றை ஒருங்கே சுமக்கும் தாய்மார்கள் வாசிப்பைக் கைவிட நேர்வதற்கு, ஆர்வக் குறைவைவிட, கிடைக்கும் ஓய்வு துண்டு துண்டாகச் சிதறிப்போவதே பெருங்காரணமாகும். சீர்காழியைச் சேர்ந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதாக, வாசகரின் நேரத்தைச் சேமித்தல் வேண்டும் என்று வகுத்தார். அதாவது, வேண்டிய நூல் தாமதமின்றிக் கிட்டுமாறு அடுக்கு முறையும் பட்டியலும் அமைதல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

இவ்விதி இல்லத்துக்கும் பொருந்தும். நூலை அலமாரியில் பூட்டாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, ஒரே அமர்வில் முடியும் சிறுகதைகளில் தொடங்கி, நாளொன்றுக்கு 10 பக்கம் படித்துவந்தால், ஒரு மாதத்தில் 300 பக்க நூலொன்று நிறைவுறும். நூல்களுக்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது நூலகச் சட்டத்தின்படி, நூலகங்களை நடத்துவதற்கெனச் சொத்து வரியுடன் சேர்த்து நூலக வரி பெறப்படுவதால், ஊரில் உள்ள பொது நூலகம் மக்களின் உடைமையே ஆகும்.

குடும்பத்தார் நாள்தோறும் அரைமணி நேர வேலையைத் தாமே ஏற்று, தாயின் பெயரிலும் ஒரு நூலக உறுப்பினர் அட்டை பெற்றுத் தருவார்களாக.