வாசித்தலும் விளங்கிக்கொள்ளுதலும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நம் மண்டபத்தில் நடந்த செவிலியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மறைநூலில் ஒரு மொழித்தேர்வு நடந்திருக்கிறது. நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். போரில் தோற்ற எப்ராயிம் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து ஊர் திரும்பப் பார்க்கிறார்கள். துறையை மறித்து நிற்கும் கிலயாதியர் ஒவ்வொருவனையும் நிறுத்தி, 'ஷிபோலேத்து' என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். எப்ராயிம் நாவுக்கு அந்த 'ஷ' வராது, 'சிபோலேத்து' என்பான். அவ்வளவுதான், அங்கேயே வெட்டு. அப்படி மாண்டவர் 42,000 பேர் என்று நூல் கணக்குச் சொல்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் அன்று அந்த ஆற்றங்கரைக்குப் போயிருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பார்த்துச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 42 கேள்விகள் என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது, நமக்கு அந்த 42,000 பேரே கண்முன் வந்தார்கள். இது தற்செயல்தான். ஆயினும் இத்தேர்வு எழுதி வந்த பிள்ளைகள் கோவிலில் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கையில், இதுவும் ஆற்றை மறிக்கிற வேலைதானா என்ற கோபம் நமக்கு வந்ததுண்டு. இப்போது அந்தக் கோபம் பாதி தணிந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறோம்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்றொரு மாத்திரை கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், அதை வாரத்துக்கு ஒருமுறைதான் தரவேண்டும். வாரம் ஒருமுறை என்று எழுதியிருப்பதை நாள்தோறும் என்று வாசித்துக் கொடுத்ததால் எலும்பு மச்சை கெட்டு நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த தவறு இது. இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்பதற்குச் சுருக்கமாக 'யூ' என்ற ஓரெழுத்தைப் போட, அதைச் சுழியம் என்று வாசித்துப் பத்து மடங்கு மருந்து ஏற்றிய கதையும் அப்படியே. அந்தச் செவிலியர் ஒவ்வொருவரும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள்தாம். வாசித்தார்கள், விளங்கிக்கொள்ளவில்லை. திருத்தூதர் பணிகள் நூலில் பிலிப்பு, தேரில் அமர்ந்து ஏட்டை உரக்கப் படித்துக்கொண்டு போன எத்தியோப்பிய அதிகாரியிடம் ஓடிப்போய் முதலில் விசாரித்ததும் இதைப் பற்றியே அல்லவா? அந்த மனிதரும் கூச்சப்படாமல், சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு பிலிப்பைத் தேரில் ஏற்றிக்கொண்டார். நம் பிள்ளைகளிடம் குறைவாக இருப்பது அந்தக் கூச்சமின்மைதான்.

இத்தேர்வு 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மருத்துவர், செவிலியர் முதலானோரின் ஆங்கிலத்தை அவர்களுடைய வேலையை வைத்தே சோதிக்க வேண்டும் என்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்னமாரா என்னும் மொழியறிஞர் அதை வடிவமைத்தார். பிரிட்டனில் செவிலியரைப் பதிவு செய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2017இல் இதை ஏற்றுக்கொண்டது. கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 500க்கு 350 வேண்டும். எழுதுதலில் 300 போதும்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி, பெயர் வேண்டாம், இங்கேதான் இருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 ஆண்டு அனுபவம். இரண்டு பிள்ளைகள். வீட்டின்மேல் கடன். அவர் முதல் முறை எழுதியபோது வாசிப்பில் 330. இரண்டாம் முறை 340. மற்ற மூன்றிலும் தேறிவிட்டார். பத்து மதிப்பெண்ணில் போயிற்று. ஒவ்வொரு முறையும் கட்டணம் நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அவரோடு பயிற்சி முடித்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் முதல் முறையே தேறிப் போய்விட்டாள். "சாமி, எனக்கு மூளை மழுங்கிவிட்டது" என்று அவர் வந்து அழுதார். மழுங்கவில்லை அம்மா என்று சும்மா ஆறுதல் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. நம் பங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரையும் கன்னியர் இல்லத்துச் சகோதரி ஒருவரையும் அழைத்து, மாதிரித் தாள்களை மேசையில் பரப்பி, எங்கே சறுக்குகிறார் என்று பார்த்தோம். அப்படித் தொடங்கியதுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு.

நாங்கள் கண்டது இரண்டு. முதற்பகுதிக்கு 15 நிமிடமே உண்டு. ஒரே பொருளைப் பற்றிய நான்கு சிறு துண்டுகள், 20 கேள்விகள். நேரம் முடிந்ததும் தாளை வாங்கிக்கொள்வார்கள், திரும்பிப் பார்க்க வழியில்லை. நம் சகோதரி அந்த நான்கையும் திருப்பலி வாசகம் போல முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். பத்து நிமிடம் அதிலேயே போய்விட, கடைசி ஆறு கேள்விகளுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே அப்படிப் படிக்கக் கூடாது. சந்தைக்குப் போகிறவள் எல்லாக் கடையிலும் நின்று விலை கேட்பதில்லை; எந்தச் சாமான் எந்த வரிசையில் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, வேண்டிய இடத்துக்கு நேரே போவாள். தலைப்பைப் பார், அட்டவணை எதில் இருக்கிறது, மருந்தளவு எதில் இருக்கிறது என்று குறித்துக்கொள், பிறகு கேள்விக்குப் போ. விடைச்சொல் அந்தத் துண்டிலேயே இருப்பதால் பார்த்து எழுதினால் போதும். பார்த்து எழுதுவதிலும் ஒரெழுத்தை விட்டு மதிப்பெண்ணை இழப்பவர்களை என்ன சொல்ல!

இரண்டாவது சறுக்கல்தான் எங்களைச் சிந்திக்கவைத்தது. அடுத்த பகுதியில் மருத்துவமனைச் சுற்றறிக்கை, கருவியின் கையேடு, வார்டுக் குறிப்பு என்று ஆறு சிறு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, மூன்று விடைகள். வகுப்புக்காக நாங்களே ஒரு சுற்றறிக்கை தயாரித்தோம். கையுறை அணிந்திருந்தாலும் அதைக் கழற்றியபின் கை கழுவியாக வேண்டும் என்பது அதன் சாரம். சுற்றறிக்கை எதை வலியுறுத்துகிறது என்பது கேள்வி. நோயாளியைத் தொடுமுன் கையுறை அணிய வேண்டும் என்ற விடையை நம் சகோதரி தேர்ந்தெடுத்தார். கேட்டால், "அதுதானே சாமி முக்கியம், வார்டில் முதலில் சொல்லித்தருவதே அதைத்தானே" என்றார். உண்மைதான், ஆனால் அந்தத் தாளில் அப்படி இல்லையே! அவருடைய 12 ஆண்டு அனுபவம் தாளை முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. புதிதாகப் பயிற்சி முடித்த பெண்ணுக்கு அந்த அனுபவம் இல்லாததால், இருப்பதை மட்டும் வாசித்துத் தேறிவிட்டாள். அனுபவசாலிகளே, இது உங்களுக்கு விரித்த வலை. விடையை எழுதுமுன், இது எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்கிறோம். விரல் வைக்க வரி இல்லையென்றால் அந்த விடை உங்கள் தலையிலிருந்து வந்தது.

கடைசிப் பகுதியில் இரண்டு நீண்ட கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கேள்விகள். முன்னதையும் இதையும் சேர்த்து 45 நிமிடம். கட்டுரையாளர் எதை ஆதரிக்கிறார், எதைச் சந்தேகிக்கிறார் என்றெல்லாம் கேட்பார்கள். 'ஹவெவர்', 'அன்லெஸ்', 'ஆல்தோ' போன்ற சிறு சொற்களில்தான் இங்கே உயிர் இருக்கிறது. பெரிய சொல் தெரியாமல் தோற்றவரைவிட, 'அன்லெஸ்' என்பதைக் கவனியாமல் தோற்றவரே அதிகம் என்பது எங்கள் சிறிய வகுப்பில் கண்ட அனுபவம்.

பெரிய சொற்களுக்கு அஞ்ச வேண்டாம். அவை முக்கால்வாசி கிரேக்கமும் லத்தீனும்தான். அதில் நமக்குக் கொஞ்சம் உறவு உண்டு. ஆயரைக் குறிக்கும் 'எபிஸ்கொபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேலிருந்து பார்ப்பவர், கண்காணிப்பவர் என்று பொருள். அந்தப் 'பார்ப்பது'தான் எண்டோஸ்கோப்பிலும் ஸ்டெதஸ்கோப்பிலும் இருக்கிறது. 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம், 'ஹெப்பார்' என்றால் கல்லீரல். பின்னால் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது. 'ஹைப்பர்' மேலே, 'ஹைப்போ' கீழே. இப்படி முப்பது துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டால், பார்த்திராத சொல்லையும் உடைத்துப் பார்க்கலாம். உங்கள் 'பேஷன்ட்' இருக்கிறாரே, அவரும் ஆண்டவருடைய பாடுகளைக் குறிக்கும் 'பாஸியோ'வும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவர்கள். துன்பப்படுதல் என்பது அந்த வேரின் பொருள். இதைக் கேட்டபின் வார்டில் அந்தச் சொல்லை வேறு விதமாகச் சொல்லத் தோன்றுகிறது என்று ஒரு பிள்ளை நம்மிடம் சொன்னாள்.

ஏமாற்றுவது எளிய சொற்கள்தாம். 'அக்யூட்' என்றால் கடுமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திடீரென்று தோன்றியது என்பதே பொருள். 'டிஸ்சார்ஜ்' வீட்டுக்கு அனுப்புவதும் ஆகும், புண்ணிலிருந்து வடியும் நீரும் ஆகும். பரிசோதனை 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறையொன்றும் காணவில்லை என்று பொருள், நல்ல செய்தி. நோயாளி நெஞ்சுவலியை 'டினை' செய்தார் என்றால், அவர் பொய் சொல்லி மறைத்தார் என்றல்ல, வலி இல்லை என்று சொன்னார் என்பதே. ஆகவே சொல்லைத் தனியாகப் பட்டியலிட்டு எதிரே தமிழ்ப்பொருள் எழுதி உருப்போடும் நோட்டுப் புத்தகங்களை நாங்கள் ஊக்கப்படுத்துவதில்லை. வாக்கியத்தோடு எழுதுங்கள். வாக்கியமே சொல்லின் வீடு; வீட்டில் வைத்துப் பார்த்தவரை வீதியிலும் அடையாளம் தெரியும்.

நாம் தமிழ்வழியில் படித்துக் குருமடத்துக்குப் போனவர்கள். மெய்யியல் வகுப்பு முழுவதும் ஆங்கிலம். முதல் ஆறு மாதம் பேராசிரியர் சிரித்தால் சிரித்து, இருமினால் குனிந்துகொண்டோம். நம்மைக் காப்பாற்றியது உணவறை வாசிப்பு. இரவு உணவின்போது ஒருவர் மேடையில் நின்று நூலை உரக்க வாசிப்பார். உச்சரிப்பு தவறினால் அதிபர் மணியை அடிப்பார். திருத்தி மீண்டும் வாசிக்க வேண்டும். நம் முறை வந்த வாரம் சோறு ஆறிப்போகுமளவுக்கு மணி அடித்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் உரக்க வாசித்தால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். வகுப்பில் உங்களை உரக்க வாசிக்கச் சொல்லி நாம் மேசையைத் தட்டுவது இந்தப் பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளத்தான் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் நம் பிள்ளைகள் இருவரிடம் பெருந்தொகை வாங்கி ஏமாற்றிவிட்டார்கள். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. செவிலியரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆளெடுப்பு நெறிமுறை. நம் மாநில அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்தி வருகிறது. முதலில் அங்கே போய் விசாரியுங்கள். நகையை அடகு வைக்குமுன் பங்கு இல்லத்துக்கும் ஒருமுறை வாருங்கள்.

பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டால் இங்கே நோயில் கிடப்பவர்களை யார் பார்ப்பது என்று பாடகர் குழுவின் மூத்தவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அதற்கு நம்மிடம் நேரான பதில் இல்லை. வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறவளிடம் போகாதே என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

நம் சகோதரி அடுத்த மாதம் மூன்றாம் முறை எழுதுகிறார். நான்கு பகுதிகளையும் மறுபடி எழுதத்தான் வேண்டும். ஆனால் இரண்டு அமர்வுகளின் மதிப்பெண்களைச் சில வரம்புகளுக்குள் இணைத்துக்கொள்ளக் கவுன்சிலின் விதியில் இடமுண்டு. எனவே வாசிப்பில்தான் அவருடைய முழு உழைப்பும். இரவுப் பணி இல்லாத நாட்களில் வீட்டு ஜெபமாலை முடிந்ததும் 15 நிமிடம் கடிகாரம் வைத்து ஒரு துண்டைப் படிக்கிறார். கடிகாரம் பார்ப்பவர் அவர் மாமியார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது. நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்குவதில் மட்டும் தேர்வு அதிகாரியைவிடக் கண்டிப்பு. சென்ற வாரம் 20 கேள்விகளில் 17 சரி.

வருகிற செவ்வாய் மாலை ஏழு மணிக்கு வகுப்பு. ஒவ்வொருவரும் வீட்டிலிருக்கும் மருந்துப் பெட்டி எதற்குள்ளாவது மடித்து வைத்திருக்கும் அந்த நீண்ட காகிதத்தை எறியாமல் எடுத்து வாருங்கள். பொடி எழுத்தாக இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் மறக்க வேண்டாம்.