ரெசாங் லாவில் ஒரு பந்தாட்டக்காரர்

காரைக்குடி வட்டாரத்தில் நெடுங்காலம் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தவன் நான். மாலைவேளையில் பிள்ளைகளைச் செம்மண் திடலில் கால்பந்து ஆட விட்டதற்காகப் பெற்றோரிடம் கடிந்துரை கேட்டதும் உண்டு. "பந்தை உதைத்தால் பேரேட்டில் வரவு ஏறுமா, ஸார்?" என்று வினவினார் செட்டியார் ஒருவர். அன்று எனக்கு விடை கூறத் தெரியவில்லை. இன்று ஒருவருடைய வரலாற்றைச் சொல்லுகிறேன். அது விடையாகுமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

லண்டனில் கிளாப்டன் ஓரியண்ட் என்றொரு கால்பந்துக் கழகம் இரண்டாம் பிரிவில் ஆடிவந்தது. முதல் உலகப் போரில் அதன் ஆட்டக்காரர்கள் பலர் ஒருசேரப் படையிற் சேர்ந்தனர். மக்ஃபேடன், ஸ்காட், ஜோனஸ் என்னும் மூவர் 1916இல் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாக 2011இல் பிரான்சு நாட்டில் கல் நாட்டப்பட்டது. சிறிய கழகந்தான்; எனினும் தன் பிள்ளைகளை அது மறக்கவில்லை.

நம் நாட்டிலோ, பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் ஷைத்தான் சிங்கைப் பலரும் அறிவர். அவர் பள்ளிப் பருவத்தில் கால்பந்தாட்டத்திற் பெயர் பெற்றவர் என்பதை அறிந்தோர் சிலரே. (பெயர் நம் செவிக்கு வியப்பாக ஒலிக்கும், மனிதரோ மாணிக்கம்.) 1924இல் ஜோத்பூர்ச் சீமையிற் பிறந்தவர். தந்தையாரும் படைவீரர், முதல் உலகப் போரில் பிரான்சிற் பணியாற்றியவர். மகன் ஆடியது சோபாஸ்னிப் பள்ளித் திடலில்.

1962 நவம்பர் 18, விடியற்காலை. லடாக்கில், சுசூலுக்கு அருகே, பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ரெசாங் லா கணவாய். குமாவுன் படையின் 13ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 120 வீரர்கள் அவர் தலைமையில் அங்கே காவல் நின்றனர். பெரும்பாலோர் இன்றைய ஹரியாணாப் பகுதியின் அஹீர் குலத்தினர். இடையே நின்ற மலைமுகட்டினால் நம் பீரங்கிகளின் துணை அவர்களுக்குக் கிட்டவில்லை. சீனப் படை அலையலையாக வந்தது. மேஜரோ ஒரு காவலிடத்திலிருந்து மற்றொன்றுக்குக் குண்டு மழையினூடே சென்று, வீரர்களுக்கு ஊக்கமூட்டிய வண்ணம் இருந்தார்.

திடலில் ஓடிய கால்களே அங்கும் ஓடின என்று சொல்ல நா எழுகிறது. ஆசிரியன் அளவு கடந்து பேசலாகாது; படைப்பயிற்சியும் குடிவழி வந்த உறுதியும் அங்கே இருந்தன. ஆயினும் என் திடலில் நான் கண்டதொன்று உண்டு: அணித்தலைவன் எத்தகையவன் என்பது, தோற்கும் ஆட்டத்தில் அவன் எங்கே ஓடுகிறான் என்பதில்தான் தெரியும்.

கையிலும் பின்னர் வயிற்றிலும் அவர் குண்டடி பட்டார். வீரர்கள் அவரைத் தூக்கிச் செல்ல முயன்றபோது, எதிரியின் துப்பாக்கிகள் அவர்களை நோக்கித் திரும்பின. தம்மை அங்கேயே விட்டுச் செல்லுமாறு அவர் ஆணையிட்டார். ஒரு பாறையின் மறைவில் அவரைக் கிடத்திவிட்டு அவர்கள் அகன்றனர். அன்று மாண்டவர் 110 பேருக்கு மேல்.

1963 பிப்ரவரியில் தேடிச் சென்றோர் அவரை அதே பாறையடியிற் கண்டனர். வீரர்கள் பலர் தத்தம் குழிகளில் ஆயுதங்களைப் பற்றியவாறே பனியில் உறைந்திருந்தனர். மருத்துவ உதவியாளர் ஒருவர் கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன. மேஜரின் உடல் ஜோத்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, படை மரியாதையுடன் எரியூட்டப்பெற்றது.